முப்பத்தைந்து நிறைய மூன்று வாரம்

இளம் மரபியல் ஆய்வாளர் விருது ஒன்று என் பெயரில் இருக்கிறது. அதை நான் ஏமாற்றி வாங்கினேன். இளைஞன் என்று மேடையேறி மாலை போட்டுக்கொண்ட அன்று எனக்கு வயது முப்பத்தேழு.

விதி என்ன தெரியுமா உங்களுக்கு? விண்ணப்பத்தின் கடைசி நாளன்று முப்பத்தைந்து நிறைந்திருக்கக் கூடாது. சான்றிதழின்படி எனக்கு முப்பத்தைந்து நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது. என்னைப் பெற்றவளின் கணக்கிலோ... நிறைந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது!

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இத்தனை காலம் சிரித்துத்தான் சமாளிக்கிறேன்.

அப்பா வங்காளத்துக்குப் பிழைக்க வந்த தமிழர், கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா. ஏழு வயதை நெருங்கிக்கொண்டிருந்த என்னை ஐந்து என்று எழுதிப் பள்ளியில் சேர்த்தார். பையன் எப்படியும் சர்க்கார் உத்தியோகத்துக்குத்தான் போவான், இரண்டு வருஷம் பிந்தி ரிட்டயர் ஆகட்டுமே என்ற தொலைநோக்கு. பால்பல் விழுந்துகொண்டிருந்த குழந்தைக்கு ஓய்வுக்காலத் திட்டம்! போகட்டும், அது அவருடைய பொய். நான் சொல்ல வந்தது என்னுடையதை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் ஆய்வகத்தில் மிதாலியும் நானும் பழ ஈக்களை வளர்த்து, அவற்றின் கண் நிறம் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். சட்டையெல்லாம் அழுகிய வாழைப்பழ வாசனை. பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

ஓர் ஆய்வகத்திலிருந்து ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். மிதாலிக்கும் அதுவே கடைசி வருஷம். அதோடு அவளுடைய தற்காலிக வேலை அடுத்த மார்ச்சில் முடிகிறது. விருது கிடைத்தால் சொந்த ஆய்வகம், கிடைக்காவிட்டால் ஈக்களுக்கு விடை. இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்!

தலைவர் பிமல்தா எங்கள் இரண்டு பேரின் தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டுரையும் சமம், வேலையும் சமம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வயசு தாண்டியிருந்தா நான் நிம்மதியா டீ குடிச்சிருப்பேன்."

"இவன் தலையைப் பாருங்க பிமல்தா," என்றாள் மிதாலி. "ஈ உட்கார்ந்தா வழுக்கி விழும். இதுவா முப்பத்தஞ்சு?"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான். அந்தச் சிரிப்பு நடந்த நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்... வாயைத் திறந்தேன். "சீட்டு குலுக்கிடலாமே" என்றுதான் வந்தது.

ஈ வளர்க்கும் கண்ணாடிக் குப்பியில் இரண்டு சீட்டுகள். "நீயே எடு மிதாலி," என்றேன், பெரிய தியாகி மாதிரி. அவள் விரலை விட்டு எடுத்தாள். என் பெயரை அவளே படித்தாள். பிறகு என் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தை அவளே திருத்திக் கொடுத்தாள். பிறந்த தேதி இருந்த வரியில் மட்டும் அவளுக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

நவம்பர் பதினேழு. என் நிஜப் பிறந்தநாள். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, பெஹாலா வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் மிதாலி, கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி!

"ஷொங்கொர்," என்று என் பெயரை வங்காள உச்சரிப்பில் கூப்பிட்டாள். "உனக்குத்தான் விருது. காலையில போன் வந்தது. காய்ச்சல்காரன் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கே?"

நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன்! தரைக்கு வந்து சேருவதற்குள் அம்மா இனிப்பைப் பார்த்துவிட்டாள்.

"இவனுக்குப் பிறந்தநாள்னு உனக்கு யார் சொன்னா?"

"இன்னைக்கா மாஷிமா?" அம்மாவை அப்படிச் சித்தி முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். "எத்தனை முடியுது?"

அம்மாவுக்கு வங்காளத்தில் வாக்கியம் ஒழுங்காக வராது. எண்கள் மட்டும் பிசகாமல் வரும். எல்லாம் காய்கறிக் கடை கற்றுக்கொடுத்தது. சமையலறைக்குப் பாய்ந்தேன். கைக்கு அகப்பட்டது மிக்ஸி. முடுக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல். அம்மா குரலை உயர்த்தினாள். நான் மிக்ஸியின் வேகத்தை உயர்த்தினேன். அவள் இன்னும் உயர்த்தினாள்...

அந்த நொடியில் மின்சாரம் போயிற்று.

எங்கள் தெருவே அடங்கிய அந்த நிசப்தத்தில், சுத்தமான வங்காளத்தில், முப்பத்தேழு என்ற எண் கணீரென்று ஒலித்தது. அடுத்ததாகத் தமிழில்: "எதுக்குடா வெறும் மிக்ஸிய ஓட்டுற?"

மிதாலி என்னைப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த பிறந்தநாள் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். "ஏலக்காய் நல்லா இருக்கு மாஷிமா," என்றாள். படி இறங்கும்போது மட்டும் திரும்பினாள்.

"மேடைக்குப் போறப்ப மிச்சமிருக்கிற முடிக்கு மை போட்டுக்கோ."

கேலியா? எச்சரிக்கையா? அடுத்த இரண்டு மாதம் தொலைபேசி அடித்தாலே வேறு யாரையாவது எடுக்கச் சொன்னேன். விழாவில் யாராவது எழுந்தால் எனக்கு எதிராகத்தான் எழுகிறார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் கழிப்பறைக்குத்தான் போனார்கள். மிதாலி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். மை போட்ட தலையோடு குனிந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டேன். வெட்கத்தைச் சொல்ல வேண்டும், அந்தக் கணம் ஆனந்தமாக இருந்தது!

மார்ச்சில் அவள் வேலை முடிந்தது. சிலிகுரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போனாள். அங்கே ஈக்கள் இல்லை. எனக்குத் தனி ஆய்வகம் வந்தது. அவள் தொடங்கிய கணக்குகளை அதில்தான் முடித்தேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று நான் உங்களிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆனால் ஒவ்வொரு நவம்பர் பதினேழன்றும் சிலிகுரியிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. வாழ்த்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அவள் கையால் எழுதிய ஓர் எண் மட்டும். முதல் வருஷம் முப்பத்தெட்டு. அப்புறம் முப்பத்தொன்பது... பத்து வருஷமாக ஒரு முறைகூட அவளுக்குப் பிசகவில்லை. பதில் எழுத உட்கார்வேன். தேதி போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது.

இந்த வருஷத்து உறை காலையில் வந்தது. ஆய்வகத்துப் பிள்ளைகளுக்குச் சந்தேகம், ஆகஸ்டில் கேக் வெட்டிய நாற்பத்தாறு வயதுக்காரருக்கு நவம்பரில் யார் அட்டை அனுப்புகிறார்கள் என்று. இன்ஷூரன்ஸ் என்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டேன்.

உறை மேசையில் கிடக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே நாற்பத்தெட்டு என்று இருக்கும்.