அண்ணையின் ‘மெல்லல்’

அண்ணை போன பின் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியில், என் வீட்டு மேசைக்கும் யன்னலுக்கும் இடையே நடப்பதும், வந்து ஒரு வரி எழுதுவதுமாக இதை எழுதுகிறேன்.

பருத்தித்துறையில் பிறந்து, இரசாயனம் படித்து, நாட்டுப் பிரச்சினையால் ஜேர்மனிக்குப் போனவர் அண்ணை. அங்கே இறப்பர் தொழிற்சாலையில் உழைத்து எங்கள் குடும்பத்தை நிமிர்த்தினார். என்னை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பின்னர் அண்ணியுடன் தானும் லண்டனுக்கு வந்து வால்தம்ஸ்டோவில் குடியேறினார். யாரையும் கடிந்து பேசாதவர். சொல் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

ஓய்வு பெற்றபின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் இருவரும் இறப்பர், பிளாஸ்ரிக் பற்றிய கலைச்சொற்களைத் தொகுத்தோம். இறப்பரை உருளைகளுக்கு இடையே நசுக்கி நசுக்கி, அச்சில் வார்க்கும் பதத்துக்கு இளக்குவதற்கு அண்ணை வைத்த சொல் ‘மெல்லல்’. ஆசிரியனாக இருந்த எனக்கு அது சாப்பாட்டு மேசைச் சொல்லாகப் பட்டது. அச்சுக்குப் போகுமுன் அவரைக் கேளாமல் ‘குழைமமாக்கல்’ என்று மாற்றிவிட்டேன். எண்ணெய் போன்ற திரவம் சேர்த்துப் பிளாஸ்ரிக்கை இளக்குவதற்கும் அதே சொல்தான் அடுத்த பக்கத்தில் இருந்தது.

புத்தகத்தைப் பார்த்த அண்ணை போன் எடுத்தார்.

“றப்பரின்ரை பல்லை ஏன்ரா புடுங்கினனீ?”

“மெல்லல் எண்டால் பிள்ளையள் சிரிப்பினம், அண்ணை.”

“சிரிக்கட்டுமன். சிரிச்சால் மறக்காயினம். எண்ணெய் ஒண்டும் சேர்க்காமல் உருளை சும்மா மெல்லுது. வெளியீட்டு விழாவிலை எழும்பி, மெல்லல்தான் சரியெண்டு சொல்லிப்போடு.”

“ஓம், சொல்லுறன்.”

சொல்லவில்லை. மேடையில் மாலை போட்டார்கள். நன்றியுரையை வாசித்துவிட்டு இறங்கினேன். அண்ணை தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதன்பின் என்னிடம் சொல்லவேண்டியதை அண்ணியிடம்தான் சொல்லுவார்.

கடைசி நாட்களில் அவரால் உணவை மெல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவென்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி சோற்றை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார். அண்ணை என்னை நேரே பார்த்தார்.

“மெல்லல் வேண்டாமெண்டு டொக்டரும் சொல்லிப்போட்டார். உன்ரை கட்சி வெண்டிட்டுது.”

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்க வந்ததைக் கேட்காமல், “நாளைக்கு வாறன், அண்ணை” என்று எழுந்தேன். நான் மறுபடி போகுமுன் அவர் போய்விட்டார்.

அண்ணையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த அண்ணிக்கும், தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் எங்களோடு நின்ற உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கைகூப்புகிறேன். இன்னும் ஓர் உதவி வேண்டும். எங்கள் தொகுப்பு உங்கள் வீட்டில் இருந்தால், இறப்பர் பக்கத்தில் என் சொல்லை வெட்டிவிட்டு ‘மெல்லல்’ என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும்.