ஏசுபாதம் வண்டியை எடுக்கவில்லை

பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்குள் அந்தச் சிவப்பு கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. குட்டியானை என்று சொல்லும் ஒரு சின்ன லோடு வண்டி அதைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஏசுபாதம். இரண்டே சீட். உயரம் ஓர் ஆளின் மார்புக்குக்கூட வராது. லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் லிஃப்டை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"இன்னாண்ணா, ஷூட்டிங்கா?"

"என் வண்டி" என்றார் ஏசுபாதம். யாரும் நம்பவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அடையாற்றங்கரையில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, ஒரு நாள் அரசாங்கம் வீட்டை இடித்தபோது ஒரு லாரியில் சாமான்களோடு பெரும்பாக்கத்துக்கு வந்தவர். கிழக்குத் தாம்பரத்தில் ஸ்ரீநிவாசராகவன் என்பவர் வீட்டில் இருபத்து நாலு வருஷம் டிரைவராக இருந்தார். ஸ்ரீநிவாசராகவன் கப்பல் இன்ஜினீயர். இத்தாலியில் வேலை பார்த்தபோது வாங்கிய 1984ஆம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அதை அவர் ஓட்டியது கொஞ்சம். துடைத்து, எண்ணெய் மாற்றி, மாதத்துக்கு ஒரு தடவை வண்டலூர் வரை ஓட்டித் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஏசுபாதம். கடைசி ஆறு வருஷம் அதுவும் இல்லை. கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

எண்பத்தோரு வயதில் பெரியவர் மகள் ஸ்நேகாவோடு கனடாவுக்குப் போக முடிவாயிற்று. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மகள் சொன்னாள். பெரியவர் ஏசுபாதத்தைக் கூப்பிட்டார்.

"இதை உன் பேருக்கு எழுதித் தரேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

"வேணும் சார்" என்றார் ஏசுபாதம். அவ்வளவுதான் பேச்சு. பெரியவர் படிவங்களில் கையெழுத்துப் போட்டார்.

மனைவி தபீதாள் மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இத்த வெச்சிகினு இன்னாய்யா பண்ணப் போற? ரெண்டு பேருதான் குந்தலாம்."

"நம்ம வூட்ல எத்தினி பேரு?"

மகளுக்குக் கல்யாணமாகிப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

காரின் பதிவு காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும் என்றால் முதலில் புகைச் சான்றிதழ் வேண்டும். புது பேட்டரி போட்டு, பெட்ரோல் டேங்கைக் கழுவி, மூன்று வாரத்தில் ஏசுபாதம் இன்ஜினை உயிர்ப்பித்தார். பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்று அதே குட்டியானையை வரவழைத்து, மேடவாக்கம் சாலையோரத்தில் இருந்த புகைப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துப் போனார்.

அங்கே இருந்தது ஜீவிதா என்ற பெண். சைலன்சருக்குள் குழலைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தாள். கார்பன் மோனாக்சைடு ஆறு புள்ளி நாலு.

"ஃபெயில்ண்ணா. ரொம்ப அதிகம்."

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த புரோக்கர் துரை எழுந்து வந்தான். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு? வண்டியே வர வேணாம். நம்பர் பிளேட்ட போட்டோ புடிச்சி அனுப்பு. வேற எடத்துல சர்டிபிகேட் போட்டு உன் போனுக்கே அனுப்பறேன்."

"வேணாம்."

"ஊரே அப்டிதான் வாங்குது."

"ஊரு வாங்கட்டும். நான் இந்த வண்டில போனா பத்து எடத்துல நிறுத்துவான். இந்த மூஞ்சிக்கு இந்த வண்டியான்னுதான் மொதல்ல பாப்பான். நான் நீட்டுற காகிதத்துல ஒரு எழுத்து பொய் இருக்கக் கூடாது."

துரை சிரித்துக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பினான். ஜீவிதா சிரிக்கவில்லை. ஆர்.சி. புக்கை வாங்கி வருஷத்தைப் பார்த்தாள்.

"எண்பத்து நாலு மாடல். அப்போ உங்களுக்கு மூணு பர்சென்ட் வரைக்கும் விடுவாங்க. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வண்டிக்குத்தான் அரை பர்சென்ட். மூணுக்குக் கீழ கொண்டாங்க, நானே பாஸ் போடறேன்." விதி அட்டவணையை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். ஏசுபாதம் அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

டிரைவராவதற்கு முன்னால் அவர் சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஏழு வருஷம் வேலை செய்தவர். பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் அடுப்புக் கரி மாதிரி இருந்தன. காருக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டையும் பிரித்து வீட்டுக்குள் பழைய பேப்பர் விரித்துப் பரப்பினார். ஒன்றில் மிதவை ஓட்டையாகி, பெட்ரோல் அளவில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மிதவைக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நாலு நாள் அலைந்தார். வேறொரு வண்டியின் மிதவை கிடைத்தது. அதை அளவுக்கு அறுத்து ஒட்டி, எடை பார்த்து, பொருத்தினார். பிறகு இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கேஸ் ட்யூப் துண்டின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் மாறி மாறிப் பிடித்தார். இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்பினார்.

மூன்றாவது மாடியிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "நாள் பூரா இன்னாய்யா சத்தம்?"

"சனிக்கிழமை வரிக்கும் பொறுத்துக்கோ" என்று ஏசுபாதம் தலையைத் தூக்காமல் சொன்னார்.

சனிக்கிழமை ஜீவிதாவின் திரையில் இரண்டு புள்ளி ஏழு வந்தது. அவள் சான்றிதழை அச்செடுத்துக் கையில் கொடுத்தபோது துரை பெஞ்சில் இல்லை.

அடுத்தது தகுதிச் சோதனை. எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று ஏசுபாதம் இன்றுவரை சொல்வதில்லை. இன்னும் அங்கே போகவேண்டியிருக்கிறது என்பார். அன்று தபீதாளும் லீவு போட்டுக் கூட வந்தார். சோதனை மைதானத்தில் பள்ளி வேன்களுக்கும் லோடு ஆட்டோக்களுக்கும் நடுவே சிவப்பு கார் வரிசையில் நின்றது.

ஆய்வாளர் காரைப் பார்த்தார், ஏசுபாதத்தைப் பார்த்தார். "ஓனரை வரச் சொல்லு."

"வந்துட்டாரு சார். நான்தான்."

ஆய்வாளர் ஆர்.சி. புக்கை, கையெழுத்துப் போட்ட படிவங்களை எல்லாம் புரட்டினார். குறை எதுவும் இல்லை. புகைச் சான்றிதழை மட்டும் விரலால் தட்டினார். "இதெல்லாம் எப்படி வாங்கறீங்கன்னு தெரியும். இங்கேயே இன்னொரு தடவை பாப்போம்."

"பாருங்க சார்."

அலுவலக இயந்திரம் இரண்டு புள்ளி எட்டு காட்டியது. கீழே சிவப்பில் 'தோல்வி' என்று வந்தது.

"அரை பர்சென்ட்தான் லிமிட். நீ ரெண்டே முக்காலுக்கு மேல நிக்கற. வண்டிய எடு."

வீட்டை இடித்த அன்றும் யாரோ ஒருவர் அப்படித்தான் 'எடு' என்றார். அன்று ஏசுபாதம் எதுவும் கேட்காமல் பீரோவை எடுத்தார், கட்டிலை எடுத்தார், சிலுவையையும் சுவரிலிருந்து கழற்றி எடுத்தார். கேட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார்.

இன்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

ஏசுபாதம் ஜீவிதா கொடுத்த தாளைப் பிரித்து நீட்டினார். "இது எண்பத்து நாலு மாடலு. இதுக்கு மூணு. உங்க மிசின்ல புது வண்டி கணக்கு போட்டு வெச்சிகீது."

"எனக்கே ரூல் சொல்றியா?"

"நான் சொல்லல சார், கவர்மெண்டு சொல்லுது. இது தப்புன்னா, தப்புன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. நானே வண்டிய தள்ளிகினு போயிடறேன்."

பின்னால் ஹாரன் சத்தம் கூடியது. போலீசைக் கூப்பிடுவேன் என்றார் ஆய்வாளர். கூப்பிடுங்கள், அவர்களிடமும் இதே தாளைத்தான் காட்டுவேன் என்றார் ஏசுபாதம். தபீதாள் கதவைத் திறந்து இறங்கினார். டிபன் டப்பாவைக் காரின் கூரைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

"மணி ஒண்ணாவுது. நிக்கறதுதான் நிக்கற, துன்னுட்டு நில்லு."

பின்னால் இருந்த லோடு ஆட்டோக்காரர் சண்டை போடத்தான் இறங்கி வந்தார். தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு ஆய்வாளரிடம் சொன்னார்: "சார், அவரு கேக்கறது கரெக்டாதான் கீது. உள்ள கேட்டுட்டு வந்துடுங்களேன்." ஒரு வேன் டிரைவரும் அதையே சொன்னார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆய்வாளர் தாளோடு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் வரவில்லை. ஏசுபாதம் புளிசாதத்தைத் தின்று முடித்தார். என்ன தின்றோம் என்று அவருக்குத் தெரியவில்லை. டப்பாவை மூடிவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டார்.

திரும்பி வந்த ஆய்வாளர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இயந்திரத்தில் வருஷத்தை மாற்றினார். குழலைச் செருகச் சொன்னார். இரண்டு புள்ளி எட்டு. இந்தத் தடவை பச்சை.

"ஹாரன் அடி" என்றார். ஏசுபாதம் அடித்தார். "லைட் போடு" என்றார். காரின் மூக்குக்குள் மடங்கிக் கிடந்த இரண்டு விளக்குகளும் மெல்ல எழுந்து நின்றன. லோடு ஆட்டோக்காரர் விசிலடித்தார்.

மூன்று வாரத்தில் ஏசுபாதத்தின் பெயர் போட்ட ஆர்.சி. அட்டை தபாலில் வந்தது. அதற்குள் செய்தி பரவி, பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் கோவிலம்பாக்கத்திலிருந்து பிளாக்குக்கே வந்துவிட்டார். காரைத் தடவிக்கொண்டே விலை என்ன என்று கேட்டார்.

"விக்கறேன்னு எவன் சொன்னான்?" என்றார் ஏசுபாதம்.

அந்தச் சனிக்கிழமையே தபீதாளை உட்கார வைத்துத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். கயிறு இல்லை, குட்டியானை இல்லை. சேலையூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. தபீதாள் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. எவ்வளவு சுற்றியும் மேலே ஏறவில்லை. ஏசுபாதம் ஓரங்கட்டப் பார்த்தார். தபீதாள் பையிலிருந்து குடையை எடுத்து, காருக்குள்ளேயே விரித்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னாத்துக்கு நிறுத்தற? ஓட்டு" என்றார்.