மச்சினன் வாசலில் நின்ற லோரி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். சைக்கிளில் கீரை கட்டி விற்க ஆரம்பித்தவன், இன்று மூன்று லோரிக்குச் சொந்தக்காரன். மலாக்காவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்கு எந்தக் கிழமை எவ்வளவு வெங்காயம் போகும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

என் வீட்டில் சொல்ல ஆளில்லை. என் மனைவிக்குத் தன் தம்பி புராணம் பாடவே நேரம் போதவில்லை. அவனும் காய்கறி மொத்த வியாபாரம்தான், ஆனால் படித்தவன். பாயா ரும்புட்டில் கிடங்கு வைத்திருக்கிறான். குளிர் அறையின் கதவு கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலே அவன் கைப்பேசி கத்துமாம். கூடைக்குக் கூடை ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கிறான். அதைப் படம் பிடித்தால், கேமரன் மலையில் எந்தத் தோட்டத்தில் பறித்த சரக்கு என்பதுவரை வந்துவிடுமாம்.

அதையெல்லாம்கூட நான் சகித்துக்கொண்டேன். புரட்டாசி விஷயத்தைத்தான் சகிக்க முடியவில்லை.

டுரியான் துங்காலில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு பெண் இருக்கிறாள். குடைக்கு அடியில் நாசி லெமாக் சோறு விற்ற நாளிலிருந்து அவளுக்கு நான்தான் சரக்குப் போடுகிறேன். எத்தனை கடைக்கு நான் சரக்குப் போட்டாலும் அந்தக் கடை போனால் என் பேர் போன மாதிரி. புரட்டாசி பிறக்கும் முன்பே அவளிடம் போய்க் காய்கறி ஆர்டரைக் கூட்டிப் போடச் சொல்வது என் வழக்கம். இந்த வருஷமும் போனேன்.

"தங்கச்சி, விரதம் வருது. கத்திரிக்கா, பூசணி ரெண்டு பங்கா போடவா?"

"உங்க மச்சினன் கம்பியூட்டரு போன வாரமே போன்ல கேட்டுருச்சுண்ணே. எவ்வளவு வேணும்னு அதுவே போட்டுக் காட்டுது."

"நீ ஆர்டர் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லலா. உங்ககிட்டயே வாங்கறேன். ஆனா அவருகிட்ட வாங்கறவங்களுக்கு வேன் எங்க வருதுன்னு போன்லயே தெரியுதாம்ண்ணே. உங்களுக்கு நான் எங்க இருக்கீங்கன்னு கால் அடிச்சுக்கிட்டே கெடக்கணும்."

நான் வெயிலிலும் மழையிலும் அலைந்து கற்றதை அந்தப் பெட்டி உட்கார்ந்த இடத்திலேயே கற்றுவிட்டது. அந்த வாரமே மூன்று லோரிக்கும் இடம் காட்டும் கருவியைப் பொருத்தச் சொன்னேன். 'பொய் சொல்லாது, எப்ப வேணும்னாலும் பாருங்க' என்று எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் கைப்பேசியில் அதன் லிங்க்கை அனுப்பினேன். மச்சினனுக்கும் அனுப்பினேன். அவனும் பார்க்கட்டுமே என்றுதான்.

பிறகு ஒரு நாள் காலையில் நான் கிளம்பும்போது என் மனைவி சொன்னாள்: "ஏங்க, தம்பி ஸ்டோருக்குப் புது கேட் போட்டிருக்கான். வண்டி நம்பரைப் பார்த்துத் தானா தொறக்குதாம்."

"நம்ம வீட்டு கேட்டும்தான் காத்தடிச்சா தானா தொறக்குது," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மொத்த வியாபாரச் சந்தையில் சரக்கை ஏற்றிக்கொண்டு டுரியான் துங்காலுக்குத்தான் புறப்பட்டேன். கை என்னவோ பாயா ரும்புட் பக்கம் திருப்பிவிட்டது. அந்த கேட்டுக்கு எதிரே லோரியை நிறுத்தினேன். ஒரு வேன் வந்தது, கேட் திறந்தது. ஒரு வேன் போனது, மூடிக்கொண்டது. ஆளே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கைப்பேசி அடித்தது. டுரியான் துங்கால் தங்கச்சி.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேம்மா. உங்க கடைக்குத் திரும்பற சிம்பாங்கிட்டதான்."

"அப்படியா? போன்ல பாயா ரும்புட்னு காட்டுது. மச்சினன் வாசல்ல காவலுக்கு நிக்கறீங்களா?"

"அது மெஷின் கோளாறும்மா."

"பொய் சொல்லாதுன்னு நீங்கதானேண்ணே எழுதியிருந்தீங்க? மதியச் சாப்பாட்டுக்குப் புள்ளைங்க வந்துருமே. ரசத்துக்குக் கொத்தமல்லிகூட இல்லலா." வைத்துவிட்டாள்.

நான் சாவியைத் திருகுவதற்குள் மச்சினன் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"மாமா, ரொம்ப நேரமா நிக்கறீங்க. உள்ள வந்து டீ குடிங்க. எனக்கும்தானே லிங்க் அனுப்புனீங்க?" கேலி பண்ணவில்லை. கேலி பண்ணியிருந்தால் திட்டவாவது செய்திருப்பேன். "அந்த டுரியான் துங்கால் அக்கா இப்பதான் கீரை வகை மட்டும் ஆர்டர் போட்டாங்க. வேணாம்னா நிறுத்திடறேன். நீங்களே கொண்டு போங்க."

அவன் விட்டுக்கொடுத்து நான் வியாபாரம் பண்ணவா? "உன் வேனை அனுப்பு. யார் முதல்ல போறாங்கன்னு பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு லோரியை எடுத்தேன்.

வேன்தான் முதலில் போயிருந்தது. சாலையில் எங்கே நெரிசல் என்று அதற்கு முன்கூட்டியே தெரியுமாம்.

"அண்ணே, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணியெல்லாம் எறக்குங்க. அது எப்பவும் உங்களோடதுதான்," என்றாள் அந்தப் பெண். "கீரை, கொத்தமல்லி மட்டும் இனிமே அவருகிட்ட எடுத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

கோபமில்லை என்று சொல்லி, அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். அவள் அடுப்படிக்குப் போனதும், மேசைமேல் இருந்த மச்சினன் கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு தண்டை உருவி ஒடித்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிந்தது. காலையிலிருந்து லோரியில் கிடந்த என் கொத்தமல்லிக் கட்டை நான் ஒடித்துப் பார்க்கவில்லை.