கீச்சானுக்கு நல்ல தண்ணீர்

“ஒங்க படிப்புக்கு மீனு கட்டுப்படுமா டீச்சர்?”

விலங்கியல் ஆய்வகத்தின் அட்டெண்டர் அண்ணன் இப்படிக் கேட்டபோது அவர் கையில் ஒரு இறால் துண்டு இருந்தது. தொட்டிக்குள் ஒற்றைக் கீச்சான் அதற்காக மேலே வந்து காத்திருந்தது. வெள்ளி உடம்பு, அதில் வில்லாக வளைந்த கருங்கோடுகள். வலையில் அள்ளினால் கீச்சென்று கத்தும், அதனால்தான் அந்தப் பெயர்.

“கட்டுப்படும், பாருங்க” என்றேன்.

அது கடல்நீர்த் தொட்டி. மாணவிகளின் சுற்றுலா பஸ் மண்டபம் கடற்கரையிலிருந்து திரும்பும்போது வருடா வருடம் கேன்களில் கடல்தண்ணீர் வரும். இந்த வருடம் சுற்றுலா இல்லை. பழைய தண்ணீர் கெட்டு, மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. புதிதாக வந்த துறைத் தலைவர் அம்மா, கீச்சானைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல தண்ணீரில் கெண்டை விடச் சொன்னார். “கெண்டைக்குத் தீனி போட தனியா ஒரு ஆள் எதுக்கு? இவரை வாட்ச்மேனா கேட்டுக்கு அனுப்பிடலாம்” என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

நான் குறுக்கிட்டேன். டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து ஏழே மாதம் ஆகியிருந்தது. கீச்சான் கழிமுகம் வழியாக ஆற்றுக்குள்ளும் ஏறும் மீன், கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும், மாணவிகளுக்கும் பாடமாகும், அண்ணன் இல்லாமல் அது நடக்காது என்றேன். “சரி. மீன் பிழைச்சா அவர் இங்கேயே இருக்கட்டும்” என்றார் தலைவர்.

அன்று மாலைதான் அண்ணன், மீன் கட்டுப்படுமா என்று கேட்டார்.

வேலை ஒழுங்காகவே நடந்தது. பவளக்கற்களையும் சிப்பிகளையும் எடுத்துவிட்டு, அலசிய ஆற்றுமணலைப் போட்டோம். தினம் ஒரு வாளி பழைய தண்ணீர் வெளியே, ஒரு வாளி நல்ல தண்ணீர் உள்ளே. அதற்காக வராந்தாவில் இரண்டு ட்ரம் வைத்திருந்தார் அண்ணன். குழாயில் பிடித்து நிரப்பி, மூடாமல் இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுவார்.

“என்னண்ணே, தண்ணிய ஊத்தாம அடைகாக்குறீங்க?”

“ஆறட்டும் டீச்சர்.”

“ஏன், கொதிக்க வெச்சா கொண்டாந்தீங்க?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறட்டும் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படிக்காத மனிதரின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் என்னைத் தவிர ஒருவர்கூடப் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அந்த நினைப்பு அப்போது எனக்கு வரவே இல்லை.

எங்கள் ஊர் மேலூருக்குத் தெற்கே. ஊர்க் கிணற்றில் உப்புத்தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நான் தங்கியிருக்கும் கல்லூரி ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க வந்தால் அப்பா முதலில் குழாயடியில் போய் வயிறு முட்டக் குடிப்பார். குழாயில் வருவதைவிட நல்ல தண்ணீர் உலகத்தில் கிடையாது என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. அதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

தொட்டி வேலை நடந்த சமயம் வந்த அப்பாவிடம் மீன் விஷயத்தைச் சொன்னேன். “அம்புட்டு வருசம் படிச்சது மீனுக்குத் தண்ணி ஊத்தத்தானா தாயி?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. “அழகர் பாக்க வாரப்போ வாங்க. கடல் மீனை நல்ல தண்ணியில காட்டுறேன்” என்றேன்.

அழகர் திருவிழாவுக்கு அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டார். விளாங்குடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்புமுன், “நான் வர்ற வரைக்கும் எதையும் ஊத்த வேணாம் டீச்சர். தீனி மட்டும் போடுங்க” என்றார். மறுநாள் அப்பா வருவதாக இருந்தது. தொட்டியில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கரித்தது. ட்ரம்மிலிருந்து வாளி வாளியாகச் சுமக்க நேரமில்லை என்று, பாதித் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் குழாயில் ஹோஸைச் செருகித் திறந்துவிட்டேன். ப்ளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. சுத்தமான தண்ணீர் என்று சந்தோஷப்பட்டேன்.

காலையில் கீச்சான் ஒருக்களித்து மிதந்தது. செவுள் வெளுத்திருந்தது.

அப்பா வந்தார், தலையில் துண்டும் மேலெல்லாம் ஆற்று மணலுமாக. “லேப் பூட்டியிருக்குப்பா” என்றேன். சாவி என் பையில் இருந்தது.

அன்று ஹாஸ்டலில் சமையல்காரம்மா காப்பியை முகர்ந்துவிட்டு முணுமுணுத்தார்: “சனம் கூடுதுன்னு தண்ணியில எம்புட்டு மருந்த அள்ளிப் போட்டிருக்காக! ஒரு ராத்திரியாச்சும் பிடிச்சு வெச்சாத்தான் வாடை போகும்.” அப்போதுதான் ‘ஆறட்டும்’ என்பதற்கு அர்த்தம் தெரிந்தது. குளோரின் செவுளை அரிக்கும் என்பதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்.

மறுநாள் தலைவர் அண்ணனைக் கூப்பிட்டார். “சாமி பாக்கப் போயிட்டு மீனைச் சாகவிட்டுட்டீங்களே!” அண்ணன் வராந்தாவைப் பார்த்தார். இரண்டு ட்ரம்மும் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் பரீட்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.  

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது தொட்டியில் கெண்டைகள் ஓடின. அண்ணன் காக்கிச் சட்டையில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் என்னைப் பார்த்து எழுந்து நின்று, “வாங்க டீச்சர்” என்பார். ஒரு மாதம் போல அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய வெட்கம் என் படிப்பால் எனக்கு நேர்ந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை உள்ளே போகாமல் கேட்டில் நின்றேன். “அண்ணே, குழாயைத் திறந்துவிட்டது நான்தான்.”

“தெரியும் டீச்சர்.”

“அன்னைக்கே ஏண்ணே சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றார். அதற்குள் ஒரு கார் வந்து ஹாரன் அடிக்க, கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

ஞாயிறு முழுக்க ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஹோஸ், பாதித் தொட்டி, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது, அவர் கூப்பிடப்பட்ட அன்று நான் வாய் திறக்காதது, எல்லாவற்றையும் எழுதினேன். அவரை மறுபடி ஆய்வகத்துக்கே மாற்ற வேண்டும் என்று கேட்டு, கீழே முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை முதல் மணிக்கு முன்பே தலைவர் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “உட்காருங்க” என்றார். நான் நின்றுகொண்டேன்.