சித்தப்பா கொண்டுவந்த கியூ

நீரிழிவு அப்பாவின் கண்களைக் கொண்டுபோன பிறகு, வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவருக்கு மிஞ்சிய பெருமை ஒன்றுதான். பந்தை அடிக்கும் கோலான பழைய ஸ்னூக்கர் கியூ எந்த மரம் என்று தடவியே சொல்லிவிடுவார். கிளப் நண்பர்கள் அவரைச் சோதிப்பதற்கென்றே தங்கள் கியூக்களைக் கொண்டுவருவார்கள். மெலிந்த பக்கத்தில் பெருவிரலை ஓட்டுவார். அம்புமுனை போன்ற வரிகள் தட்டுப்பட்டால் ஆஷ் மரம். ஒன்றும் தட்டுப்படாமல் வழுக்கினால் மேப்பிள். சோப்பைப் போல வழுக்குவதால் அதற்கு அவர் வைத்த பெயர் சவர்க்காரம். பிடி கனத்துக் குளிர்ந்தால் கருங்காலி, இல்லாவிட்டால் "சாயம் அடிச்ச ஏதோ ஒண்டு" என்று உதட்டைப் பிதுக்குவார். அவருடைய கியூ ஆஷும் கருங்காலியும். இனி விளையாட முடியாது என்று தெரிந்தும் தினமும் மடியில் வைத்துத் துடைப்பார். சின்னவளான எனக்கும் அந்த வரிகளை விரல் பிடித்துக் காட்டியிருந்தார்.

கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தப்பாவுக்கு அண்ணன் என்றால் உயிர். கியூவின் நுனித்தோல் தேய்ந்துவிட்டது என்று அப்பா சொன்னதும், தெஹிவளையில் ஒரு வேலைக்காரனிடம் மாற்றித் தருகிறேன் என்று தானே தூக்கிக்கொண்டு போனார். திரும்பும்போது ரயிலில் சாமான் தட்டில் அதை வைத்துவிட்டு, போனில் கதைத்தபடியே வெள்ளவத்தையில் இறங்கிவிட்டார். கோட்டை, மருதானை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சிங்களத்தில் கெஞ்சித் திரிந்தும் கிடைக்கவில்லை.

எங்கள் குசினியில் அம்மாவின் அடுப்பருகே நின்று அழுதார். "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணி. கண்ணும் போய் இதுவும் போச்செண்டால் தாங்கமாட்டார்."

தோல் ஒட்டிக் காய வேண்டும் என்று அப்பாவிடம் சாக்குச் சொல்லிவிட்டு, தெமட்டகொடையில் மூடிக்கிடந்த ஒரு ஸ்னூக்கர் மண்டபத்திலிருந்து வேறொன்று தேடிக் கொண்டுவந்தார். அதே நீளம், அதே கறுப்புப் பிடி. கண் இருக்கிறவர்களுக்கு அது அதே கியூதான்.

அப்பா பெருவிரலை ஓட்டினார். பிடியைக் கையில் ஏந்திப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். சித்தப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்ன அண்ணை, சரியோ?"

"ஓம். நல்ல வேலைக்காரன்தான். என்ர கியூவுக்கு இப்பதான் உயிர் வந்திருக்கு."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டார். அதன் பிறகு அப்பா இருந்த காலமெல்லாம் அந்தக் கியூவைத்தான் தினமும் துடைத்தார்.

அன்று எனக்குக் கவலை வேறு. சித்தப்பா போனதும் நான் தடவிப் பார்த்தேன். சுத்தச் சவர்க்காரம்.

"அப்பா, உங்களுக்கு வரி தட்டுப்படுதோ?"

அவர் கியூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "விரலும் மரத்துப் போச்சு பிள்ளை. முந்தி மாதிரி ஒண்டும் விளங்குதில்லை."

கண் போய் இப்போது விரலும் போய்விட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. இரவுச் சாப்பாட்டுக்கு முள் நிறைந்த சூடை மீன். வழக்கம்போல அப்பாதான் என் பங்கை உதிர்த்து முள் எடுத்துத் தந்தார். மயிர் போன்ற முள்கூட அவர் விரலுக்குத் தப்பவில்லை. அந்த விரல்களுக்காக அழுதபடியே நான் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.