இடது பக்கப் பாய்

சபையில் ஒரு சின்ன ஜெபம் பண்ணு என்றாலே எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிடுகிறவள் நான். படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்டவள் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு தேனி கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. அப்பாவுக்குப் பருத்தி விதைக் கடை. நாங்கள் இரண்டு பெண்கள். அக்காவுக்கு எங்கள் சபையிலேயே எண்ணெய்க்கடை வீட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இருவர் பேரையும் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிக்கிறது என்று பேர். அக்காவுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது நின்றுபோனதற்குக் காரணம் அவளுடைய வயிறு.

முந்தின மழைக்காலத்தில் லோயர் கேம்பில் சித்திக்குப் பிரசவம். துணைக்கு அக்காவை அனுப்பினார்கள். திரும்பி வரும்போது குளிர்காய்ச்சலைக் கொண்டுவந்தாள். அது போகும், வரும். கை கால் குச்சியாகிக்கொண்டே வர, வயிறு மட்டும் மேடிட்டது. சேலை மறைத்த வரைக்கும் மறைத்தது.

எங்கள் மாதர் சங்கத்தார் திங்கட்கிழமைதோறும் பிடியரிசி வாங்க வருவார்கள். சோறு வடிக்குமுன் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்போம். அதை வீடுவீடாகச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அரிசியோடு அக்காவின் வயிறும் வீடுவீடாகப் போயிற்று. சங்கத் தலைவி ஜவுளிக்கடைக்காரர் மனைவி. எங்களுக்காக உருக்கமாக ஜெபம் பண்ணுகிறவர். இரண்டாம் ஓலை வாசித்த அன்று அவரே போதகரிடம் போய், தடை சொல்ல வரவில்லை, சபையின் பேர் கெடக்கூடாதே என்றுதான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா அக்காவை வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாள். அக்கா வைத்துச் சொன்னாள். அதற்குப் பிறகும் அம்மா கிணற்றடியில் அக்கா என்னென்ன துணி துவைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சலில் ரத்தம் செத்துப்போனவளுக்குத் துவைக்க என்ன இருக்கும்? அம்மாவுக்கு அது தெரியாது.

மழை தொடங்குமுன் சபையார் எல்லாருக்கும் குளிர்காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வருகிற காய்ச்சல் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு. அது முடியட்டும், மூன்றாவது ஓலையை அப்புறம் வாசிக்கலாம் என்று போதகர் தள்ளி வைத்தார். நல்ல காரியமென்று ஏற்பாடு செய்ததுதான். அன்றைக்குச் சுண்டலும் சுக்குக் காப்பியும்கூட உண்டு.

சனிக்கிழமை கோயிலுக்குள் சேலையைக் கட்டித் திரை போட்டார்கள். பெண்களைத் திரைக்குள் டாக்டரம்மா பார்த்தார். ஆண்களை வெளியே கம்பவுண்டர் பார்த்தார். பெஞ்சில் படுத்து முழங்காலை மடக்க வேண்டும். இடது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, மூச்சை இழு என்பார்கள். கட்டி இருந்தால் விரலில் இடிக்குமாம். இடித்தவர்களுக்கு அங்கேயே கொயினா மாத்திரை கொடுக்க வசதியாக, அவர்களை இடது பக்கப் பாயில் உட்காரச் சொன்னார் டாக்டரம்மா. மற்றவர்களுக்கு வலது பக்கப் பாய்.

டாக்டரம்மா நினைத்தது அவ்வளவுதான். ஆனால் நியாயத்தீர்ப்பு நாளில் வலது பக்கம் நிற்பது மோட்சத்துக்குப் போகிற செம்மறியாடுகள், இடது பக்கம் நிற்பது நரகத்துக்குப் போகிற வெள்ளாடுகள் என்று எங்கள் சபையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் இடது பக்கம் அனுப்பப்பட்டவர் கோயில் மணியடிக்கிறவர். வலது பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக மே என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அப்புறம் இடது பக்கம் போனவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் மே கிடைத்தது.

என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வலது பக்கம் போ என்றார்கள். எனக்குப் பின்னால் அக்கா உள்ளே போனாள். சுண்டல் தின்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து, தலைவியைப் பார்த்தே சொன்னார். பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய கட்டி. இத்தனை நாள் இதை யாரும் பார்க்கவில்லையா?

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். தலைவி முகம் மாறவில்லை.

“நாங்க என்னத்தச் சொல்லிட்டோம்? பாத்துக்கிருவோம்னுதான சொன்னோம். கர்த்தர் கைவிடலை பாத்தீகளா” என்றார்.

அக்கா இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னாலேயே அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார் அவளுக்குப் பேசின மாப்பிள்ளை. அவருக்கும் கட்டி. அவருக்கு மட்டும் மே வரவில்லை. “கூடலூருக்கு எள்ளு வாங்கப் போன எடத்துல கொசு கடிச்சிருச்சு. ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு கட்டியா” என்று அவர் அம்மா கேட்டார்.

பிறகு அந்த அம்மா டாக்டரம்மாவிடம் மருமகளைப் பற்றி விசாரித்தார். ஆறு மாதம் கொயினா சாப்பிட்டால் கட்டி கரையும், அதுவரை பாரம் தூக்கக்கூடாது, வயிற்றில் அடி பட்டால் உயிருக்கே ஆபத்து, கல்யாணத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

“அடி படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாதுன்னா, நான் என்ன மருமகளக் கொண்டாறேனா, மண்பானையக் கொண்டாறேனா?”

நிறையப் பேர் சிரித்தார்கள். நல்ல வார்த்தை என்று ஒருவர் தொடையில் தட்டினார். அப்போதுதான் தலைவி, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் காட்டினார்.

“ஏன் மலைக்கிறீக? தங்கச்சிக்காரி வலது பக்கந்தான இருக்கா.”

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா விதையைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அன்று சாயங்காலமே பேசி முடித்துவிட்டார்கள். வந்த சம்பந்தம் வீட்டை விட்டுப் போகவில்லையே என்று அப்பாவுக்குத் திருப்தி. என்னை யாரும் கேட்கவில்லை. அக்காவையும் கேட்கவில்லை.

டாக்டரம்மா சொன்னபடியே அக்காவின் கட்டி பிற்பாடு கரைந்துபோயிற்று. ஆனால் ஓலை வாசித்து நின்ற பெண் என்ற பேர் கரையவில்லை. அவளுக்குப் பேச யாரும் வரவில்லை.

டாக்டரம்மா வந்துபோன மறு ஞாயிறு போதகர் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை பேர் பழையதுதான். பெண் பேர் என்னுடையது. தடை உண்டா என்று கேட்டார். சபை முழுவதும் திரும்பி அக்காவைப் பார்த்தது. அவளுக்குத் தடை சொல்ல உரிமை இருந்தது. சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் எல்லாரும் திரும்பினார்கள்.

அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடினாள். என் காதோடு குனிந்தாள்.

“அவுக கொயினாவ முழுங்கலடி. வாய்க்குள்ள ஒதுக்கி வச்சு, பாய்க்கு அடியில துப்பிட்டாக. நீ நின்னு பாத்துக் குடு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கல்யாணப் பெண் சிரிக்கிறாள் என்று சபைக்குச் சந்தோஷம். போதகரும் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடினார். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாதர் சங்கத்தார் பிடியரிசிக்கு வந்தார்கள். அக்கா கலயத்தை எடுத்துவந்து, தலைவி நீட்டின பையில் அரிசியைக் கொட்டினாள்.