வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள்

தார்மோ ஹுர்மேவுக்கு நாற்பத்திரண்டு வயது. பின்லாந்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிடாமல் தேய்ந்துகொண்டிருந்தார். அதை நோய் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

கன்னம் ஒட்டியதும் கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள். "என்னடா, மாரத்தான் ஓடப் போறியா? என் தொப்பையையும் தூக்கிட்டுப் போ!" சுவரில் குத்திக் குத்தி விரல்முட்டிகள் கிழிந்தபோது, மருத்துவமனைக் குறிப்பில் ஏறியது ஒரே சொல்: முன்கோபம்.

அக்கா இர்யாவுக்கும் பதினாறு வயதில், சாப்பாட்டை ஒதுக்கித் தன்னையே வருத்திக்கொள்ளும் இதே நோய் வந்தது. கையில் அவளே போட்டுக்கொண்ட கீறல்களைக் கண்ட பள்ளி நர்ஸ் ஒரே வாரத்தில் அவளைச் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டார்.

மார்ச்சில் தார்மோ கிரேன் ஏணியடியில் மயங்கி விழுந்தார். துர்கு நகரிலிருந்து ஓடிவந்த இர்யா தம்பியை டாக்டரிடம் இழுத்துப்போனாள். பெண்களை நினைத்தே அச்சடித்த சாப்பாட்டு நோய்ப் படிவத்தில் நான்காவது கேள்வி: கடைசியாக மாதவிலக்கு ஆனது எப்போது?

"இதுல என்னத்தை எழுதறது?" என்று கேட்டாள் இர்யா.

"விட்டுடுங்க. ஆம்பளைங்களுக்கு இந்த நோய் அபூர்வம்," என்றார் டாக்டர்.

"நான் நல்லாத்தான் சாப்பிடறேன்க்கா," என்றார் தார்மோ. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "இவர் சாப்பிடறதில்லைன்னா, கூடவே இருந்து பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

பார்த்தவர்கள் இருந்தார்கள். வெள்ளிதோறும் வேலை முடிந்து துறைமுக சௌனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அவரோடு அம்மணமாக உட்காரும் ஏழு ஆண்கள்.

அந்த வெள்ளி, கோட்டும் பூட்ஸுமாக இர்யா சௌனா கதவைத் திறந்தாள். ஏழு பேரும் துண்டுக்குப் பாய்ந்தார்கள்.

"அம்மா தாயே, கதவைச் சாத்து! சூடு போகுது!"

"போகட்டும்! ரெண்டு வருஷமா என் தம்பி விலா எலும்பைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்களே, ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

"அடுத்தவன் உடம்பைப் பத்தி இங்க பேசறது மரியாதை இல்லைம்மா," என்றார் மேஸ்திரி ரெய்யோ.

"நான் இளைச்சப்போ ஊரே பேசுச்சே! பொம்பளை உடம்புன்னா மரியாதை வேண்டாமா?"

"யாராவது டாக்டர்கிட்ட வந்து பார்த்ததைச் சொல்லுங்க," என்றுவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

திங்கட்கிழமை, தேய்த்த சட்டையில் ரெய்யோ டாக்டர் முன் வந்து உட்கார்ந்தார்.

"வாராவாரம் பார்த்தேன். முதல்ல தொப்பை போச்சு, அப்புறம் தோள். போன மாசம் பலகை எலும்புல குத்துதுன்னு துண்டை மடிச்சுப் போட்டு உக்காந்தான். நான் தள்ளி இடம் விட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். எழுதிக்குங்க."

டாக்டர் எழுதினார். அன்று மாலையே தார்மோவைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்க்கும்போது புதுப் படிவம் ஒன்று நீட்டினார்கள். அதிலும் அதே நான்காவது கேள்வி. இர்யா பேனாவை வாங்கி, தாள் கிழியும்வரை அந்தக் கேள்வியைக் கோடிட்டு அடித்தாள்.